பக்கத்து வீட்டு மதில் நம் இடத்தில் இருக்கிறதா? எல்லைத் தகராற்றை எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்

கேள்வியின் சாரம் இதுதான்: வீட்டை நீட்டிக் கட்டுவதற்காக மனையை அளந்தபோது, பத்திரத்தில் 40 அடி என்று எழுதப்பட்டுள்ள அகலம் நிலத்தில் 38½ அடிதான் இருக்கிறது. ஒரு பக்கத்து மதில் அடுத்த வீட்டுக்காரருடையது. அவர், "நான் இந்த வீட்டை வாங்கும்போதே சுவர் இங்கேதான் இருந்தது" என்கிறார். அவர் ஒன்றரை அடி ஆக்கிரமித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா, சுவரை இடிக்கச் சொல்லலாமா, வழக்குப் போட்டால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊர், எந்த நாடு என்று நீங்கள் குறிப்பிடவில்லை. எனவே பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும் அடிப்படைகளைச் சொல்லி, சட்டக் காலவரம்பு போன்றவற்றில் மட்டும் இந்தியச் சட்டத்தையும் இங்கிலாந்துச் சட்டத்தையும் எடுத்துக்காட்டாகத் தருகிறேன்.

முதலில் அந்த ஒன்றரை அடியையே பார்ப்போம். நீங்கள் டேப்பை எங்கே வைத்து அளந்தீர்கள்? வலப்பக்க மதிலின் உள்முகத்திலிருந்து இடப்பக்க மதிலின் உள்முகம் வரை அளந்திருந்தால், இரண்டு சுவர்களின் கனமும் உங்கள் கணக்கிலிருந்து விடுபட்டுப் போயிருக்கும். ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு என்றால் பதினெட்டு அங்குலம், அதாவது சரியாக ஒன்றரை அடி. இரண்டு சுவர்களும் முழுக்க உங்கள் மனைக்குள் நிற்பவையானால் உங்களுக்கு ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. இரண்டும் எல்லைக்கோட்டின் மேல் பாதிப் பாதியாக நிற்கும் பொதுச்சுவர்களானால் உண்மையான குறைவு முக்கால் அடிதான். இரண்டும் அண்டை வீட்டாரின் நிலத்தில் முழுவதுமாக நின்றால் மட்டுமே ஒன்றரை அடி உண்மையிலேயே குறைகிறது என்று பேச முடியும். பூச்சின் கனத்தை நான் இதில் சேர்க்கவில்லை. பழைய சுவர்களில் அதுவும் இரு பக்கமும் சேர்ந்து இரண்டு மூன்று அங்குலம் வரை போகும். ஆகவே, எல்லை எங்கே என்ற கேள்விக்கு முன்பாகச் சுவர் யாருடையது, அது கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

சுவர் யாருடையது என்பதற்குச் சுவரே சில தடயங்களைத் தரும். மதிலை இடையிடையே தாங்கும் தூண்கள் எந்தப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கின்றன, மேல் முகட்டின் சரிவு மழைநீரை எந்தப் பக்கம் இறக்குகிறது, எந்தப் பக்கம் முதலிலேயே பூசப்பட்டிருக்கிறது, சுவரின் முனை எந்த வீட்டுக் கட்டடத்தோடு கோத்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கட்டுபவர் பொதுவாகத் தூண்களையும் நீர்ச்சரிவையும் தம் பக்கமே வைத்துக்கொள்வார். இது உறுதியான சான்று அல்ல, குறிப்புதான். ஆனால் பத்திரங்கள் மௌனமாக இருக்கும்போது இந்தக் குறிப்புகளுக்கு எடை கூடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிப்பக்கத்தைப் பூசுவதற்கும், கூரைத் தண்ணீர் விழுவதற்கும் இடம் வேண்டும் என்று எல்லையிலிருந்து ஓர் அடி தள்ளி உள்ளே மதில் எழுப்பியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட மதிலை எல்லை என்று கொண்டால், கட்டியவர் விட்டுவைத்த அந்த ஓர் அடி அடுத்தவருடையதுபோல் தோன்றத் தொடங்கும். பல தகராறுகள் கட்டியவர் இறந்த பிறகு, அந்தச் சுவர் ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்ல ஆளில்லாத நிலையில்தான் வெடிக்கின்றன.

அடுத்து, உங்கள் மனைக்கு அண்டை வீட்டார் ஒருவர் அல்ல, குறைந்தது இருவராவது இருப்பார்கள். குறைவது அகலம் என்றால், அது இடப்பக்கமும் போயிருக்கலாம், வலப்பக்கமும் போயிருக்கலாம், இரு பக்கமும் பங்கிட்டும் போயிருக்கலாம். அப்படியிருக்க ஏன் ஒருவரை மட்டும் சந்தேகிக்கிறீர்கள்? பெரும்பாலும் இதற்கு விடை அளவில் இருக்காது. யாரோடு ஏற்கெனவே மனக்கசப்பு இருக்கிறதோ அவர் பக்கமே சந்தேகம் சாயும். ஆகவே உங்கள் மனையை மட்டும் அளக்காமல், அந்த வரிசையில் முதல் மனையிலிருந்து கடைசி மனை வரை அளந்து பாருங்கள். சந்தேகத்துக்குரியவரின் மனை அவர் பத்திரத்தில் உள்ளதைவிட ஒன்றரை அடி கூடுதலாக இருந்தால் உங்கள் வாதம் வலுவடைகிறது. அவருக்கும் குறைகிறது என்றால், பிழை தொடக்கத்தில் மனை பிரித்தவரிடமே இருக்கிறது என்று கொள்ளலாம். அவர் இல்லாத நிலத்தைக் காகிதத்தில் விற்றிருக்கிறார்.

அப்படிப் பிழை தொடக்கத்திலேயே இருந்தால் குறைவை யார் சுமப்பது? இதற்கு ஒரு தெளிவான தர்க்கம் இருக்கிறது. ஒரே உரிமையாளர் தம் நிலத்தை ஒருவருக்குப்பின் ஒருவராக விற்றிருந்தால், முதலில் வாங்கியவர் தம் முழு அளவையும் பெறுவார். ஏற்கெனவே விற்றுவிட்டதை மீண்டும் விற்க உரிமையாளருக்கு எதுவும் இல்லை. ஆகவே குறைவு கடைசியாக வாங்கியவர் தலையிலோ, மிச்சத்தை வைத்துக்கொண்ட உரிமையாளர் தலையிலோ விழும். ஒரே வரைபடத்தின் கீழ் எல்லா மனைகளும் ஒரே நேரத்தில் உருவாகியிருந்தால் நிலைமை வேறு. அமெரிக்க நில அளவை மரபில் அத்தகைய நேரத்தில் மிகையையும் குறைவையும் அந்த வரிசை மனைகளுக்கு விகிதப்படி பங்கிடுவார்கள். இந்தக் காரணத்தால்தான் உங்கள் பத்திரத்தின் தேதி, அதில் எழுதப்பட்ட அளவுக்குச் சமமான முக்கியத்துவம் உடையதாகிறது. அடுத்தவருடைய பத்திரத்தின் சான்றிட்ட நகலையும், இருவருக்கும் பொதுவான மூலப்பத்திரத்தையும் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

இப்போது நான் மிக முக்கியமானதாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். எல்லைத் தகராறில் பெரும்பாலானோர் தலைகீழான முனையிலிருந்து தொடங்குகிறார்கள். பத்திரத்தில் இத்தனை சதுர அடி என்று இருக்கிறது, அதைக் காட்டு என்பதுதான் அவர்களுடைய முதல் வாதம். ஆனால் நீதிமன்றங்களும் அனுபவமுள்ள நில அளவர்களும் எடைபோடும் வரிசையில் பரப்பளவுக்குக் கடைசி இடம்தான். ஆறு, பாறை போன்ற இயற்கை அடையாளங்கள் முதலில் வரும். எல்லைக்கல், பழைய சுவர், சாலை போன்று மனிதர் ஏற்படுத்திய அடையாளங்கள் அடுத்து வரும். இன்னாருடைய வீட்டுக்கு வடக்கு, இன்ன பாதைக்குக் கிழக்கு என்று பத்திரம் சொல்லும் நான்கெல்லை விவரம் அதன்பின். நீள அகல அளவுகள் அதற்கும் பின். பரப்பளவு என்பது இந்த அளவுகளைப் பெருக்கிக் கிடைத்த எண் மட்டுமே. எந்தக் கோட்டில் பிழை இருந்தாலும் அது பரப்பளவில் வந்து சேர்ந்துவிடும். இந்திய நீதிமன்றங்களும் நான்கெல்லைக்கும் பரப்பளவுக்கும் முரண் வரும்போது, நான்கெல்லை தெளிவாக இருக்கும்வரை அதற்கே பொதுவாக முன்னுரிமை தருகின்றன. நான்கெல்லை மயக்கமாக இருந்தாலோ, அளவைக் கணக்கிட்டுத்தான் விற்றார்கள் என்று ஆவணத்திலேயே தெரிந்தாலோ இந்த வரிசை மாறும். ஆகவே "என் பத்திரத்தில் 40 அடி" என்பது உங்கள் வழக்கின் தொடக்கப்புள்ளியாக இருக்கலாம், தீர்ப்பாக இராது.

அளவுகளின் நம்பகத்தன்மை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய பதிவுகள் பல கன்டர் சங்கிலியால் அளந்து எழுதப்பட்டவை. அது 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்டது. கண்ணி ஒன்று 7.92 அங்குலம். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்று கணக்கு எளிதாக வருவதால் அது நெடுங்காலம் நீடித்தது. பயன்படுத்தப் பயன்படுத்தச் சங்கிலியின் வளையங்கள் தேய்ந்து, நீளம் சற்றுக் கூடும். நீண்டுபோன சங்கிலியால் அளந்தால் நிலம் உள்ளதைவிடக் குறைவாகப் பதிவாகும். சரிவான நிலத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நில அளவையில் கணக்கில் வருவது கிடைமட்டத் தூரம். நிலத்தோடு படிந்த தூரம் அன்று. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் டேப்பைத் தரையோடு வைத்து 100 அடி அளந்தால், உண்மையான கிடைமட்டத் தூரம் ஏறக்குறைய 99½ அடிதான். அந்த அரை அடிக்காக வழக்காடியவர்களும் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

வரைபடத்தை அளந்து கோட்டைக் கண்டுபிடிக்க முயல்வது இதைவிட ஆபத்தானது. இங்கிலாந்தில் நகர்ப்புற உரிமை வரைபடங்கள் வழக்கமாக 1:1250 அளவில் இருக்கும். அதில் அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கோடு, நிலத்தில் 62.5 செ.மீ., அதாவது ஏறத்தாழ இரண்டடி அகலத்தை மறைத்துவிடுகிறது. நீங்கள் தேடும் ஒன்றரை அடி அந்தக் கோட்டின் மைக்குள்ளேயே அடங்கிவிடும். அந்நாட்டின் 2002-ஆம் ஆண்டு நிலப் பதிவுச் சட்டமும், தனியாக நிர்ணயிக்கப்படாதவரை பதிவேட்டில் காட்டப்படும் எல்லை பொதுவான எல்லையே, துல்லியமான கோடு அல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது. வரைபடத்தில் எண்ணால் எழுதப்பட்ட அளவு இருந்தால் அந்த எண்ணையே பின்பற்ற வேண்டும். ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தின் மேல் மனைக்கோடுகளைப் போட்டுக் காட்டும் செயலிகளைக் கொண்டுவந்து வாதிடுவோர் இப்போது பெருகிவிட்டார்கள். கைப்பேசி இடங்காட்டியில் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிழை இருக்கும். ஒன்றரை அடிச் சண்டைக்கு அது எந்த வகையிலும் உதவாது.

இனி, அடுத்த வீட்டுக்காரர் சொன்ன பதிலுக்கு வருவோம். "நான் வாங்கும்போதே சுவர் இங்கேதான் இருந்தது" என்பது சாக்குப்போக்குப்போல் ஒலிக்கலாம். ஆனால் சட்டத்தில் உங்களுக்கு எதிரான மிக வலுவான வாதம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஒளிந்திருக்கிறது. இந்தியாவின் 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 65-ஆவது உறுப்பின்படி, உரிமையின் அடிப்படையில் அசையாச் சொத்தை மீட்க வழக்குத் தொடுப்பதற்கான காலம், பிரதிவாதியின் அனுபோகம், அதாவது நிலத்தைக் கையில் வைத்து அனுபவிப்பது, வாதிக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டுகள். அந்தக் காலம் கடந்தால், அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி வாதியின் உரிமையே அழிந்துவிடுகிறது. தொடர்ச்சி அறுபடாமல் இருந்தால், முந்தைய உரிமையாளரின் அனுபோகக் காலத்தையும் அடுத்த வீட்டுக்காரர் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியும். இப்படி உரிமையாளருக்கு எதிராக நெடுங்காலம் அனுபவித்து நிலத்தைத் தமதாக்கிக்கொள்வதை எதிரிடை அனுபோகம் என்பார்கள். இதைத் தற்காப்பு வாதமாக மட்டுமல்லாமல், வாதியாக நின்று உரிமை கோரவும் பயன்படுத்தலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது.

ஆனால் நெடுங்காலம் இருந்தது என்பது மட்டும் எதிரிடை அனுபோகம் ஆகிவிடாது. அது வெளிப்படையாகவும் இடைவிடாமலும், உரிமையாளரின் உரிமையை மறுக்கும் தன்மையோடும் இருந்ததாக அதைக் கோருபவரே மெய்ப்பிக்க வேண்டும். உங்கள் தந்தையோ, உங்களுக்கு விற்றவரோ "இப்போதைக்கு அங்கேயே சுவரைக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று அனுமதி கொடுத்திருந்தால், அது அனுமதியின் பேரிலான அனுபோகம். எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் அது மட்டும் உரிமையாக மாறாது. அத்தகைய அனுமதிக்குக் கடிதமோ, நேரில் அறிந்த சாட்சியோ இருக்கிறதா என்று தேடுங்கள். இங்கிலாந்தில் பதிவுபெற்ற நிலத்துக்கு விதி வேறு: 10 ஆண்டு அனுபோகத்துக்குப் பின் விண்ணப்பித்தால், பதிவிலுள்ள உரிமையாளருக்கு அறிவிப்புப் போகும், அவர் மறுத்தால் விண்ணப்பம் பெரும்பாலும் தோற்கும். ஆனால் எல்லையோர நிலத்தை, அது தம்முடையது என்று நியாயமாக நம்பி அனுபவித்து வந்தவருக்கு அங்கேயும் விதிவிலக்கு இருக்கிறது. பண்டைய ரோமின் பன்னிரண்டு பலகைச் சட்டம் இதற்கு நேரெதிரான வழியில் சென்றது. பக்கத்துப் பக்கத்து நிலங்களுக்கு இடையே உள்ள ஐந்தடிப் பட்டைக்கு அனுபவ உரிமையே கிடையாது என்று அது சொன்னது. எல்லைச் சண்டையைத் தீர்க்க மூன்று நடுவர்களையும் ஏற்பாடு செய்தது. அந்த ஐந்தடி விதி இன்றைய சட்டங்களிலும் இருந்திருந்தால் பாதி வழக்குகள் எழுந்தே இராது என்பது என் கருத்து.

ஆகவே, ஆவணங்களைத் திரட்டும்போது இடத்தை மட்டுமல்லாமல் காலத்தையும் நிரூபிக்கும் பொருள்களைத் தேடுங்கள். உங்கள் பத்திரம், மூலப்பத்திரம், அடுத்தவர் பத்திரத்தின் நகல், அரசு நில அளவை வரைபடம், இரு வீடுகளின் கட்டட அனுமதி வரைபடங்கள் ஆகியவை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பழைய குடும்பப் புகைப்படங்கள் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. வாசலில் எடுத்த ஒரு படத்தின் பின்னணியில் வேலி தெரிகிறதா, மதில் தெரிகிறதா என்பது சுவர் எந்த ஆண்டில் வந்தது என்பதற்கு மறுக்க முடியாத சான்றாகலாம். அடுத்தவரின் கட்டட அனுமதி வரைபடமும் அப்படிப்பட்டதே. பக்க இடைவெளி எவ்வளவு விடப்போவதாக அவரே அதில் எழுதிக் கொடுத்திருப்பார். அந்த எண்ணும் இன்று அவர் சொல்லும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

இவை கையில் வந்த பிறகு, இருவருமாகச் சேர்ந்து ஒரே நில அளவரை அமர்த்துவதுதான் நல்லது. தனித்தனியாக ஆள் வைத்தால் இரண்டு அறிக்கைகள் கிடைக்கும். பிறகு அறிக்கைகளுக்கு இடையே சண்டை தொடங்கும். அரசு அளவரைக் கொண்டு அளப்பதானால், அடுத்தவருக்கு முறையாக அறிவிப்புப் போயிருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அவர் இல்லாத நேரத்தில் அளந்த அளவை பின்னர் எளிதில் தாக்கப்படும். அளவர் எந்த நிலையான புள்ளியிலிருந்து தொடங்கினார் என்பதை வரைபடத்தில் எழுதச் சொல்லுங்கள். மதிலின் மூலையிலிருந்து அளந்து மதிலின் இடத்தை நிரூபிக்க முடியாது. இருவரும் ஒப்புக்கொள்ளும் பழைய எல்லைக்கல்லோ, தெருச் சந்திப்போ தொடக்கமாக இருக்க வேண்டும். நில அளவர் சொல்வது கோடு எங்கே விழுகிறது என்பதைத்தான். அந்தக் கோட்டுக்கு இப்பால் உள்ள நிலம் அனுபோகத்தால் கைமாறிவிட்டதா என்பதை அவர் முடிவுசெய்ய முடியாது. அது நீதிமன்றத்தின் வேலை. எந்த நிலையிலும் எல்லைக்கல்லை நீங்களே பிடுங்கி நட வேண்டாம். அரசு அதிகாரி நட்ட எல்லை அடையாளத்தை அழிப்பதையோ நகர்த்துவதையோ 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே குற்றமாக்கியிருந்தது.

நீதிமன்றம் போவதாக முடிவெடுத்தால், வழக்கின் வடிவம் மிக முக்கியம். செலவு குறைவு என்பதால் பலர் வெறும் நிரந்தரத் தடையாணை கேட்டு வழக்குப் போடுகிறார்கள். உரிமையே கேள்விக்குள்ளாகியிருக்கும்போது, நிலம் எதிரியின் கையில் இருக்கும்போது, உரிமை விளம்புகையும் (நிலம் தம்முடையது என்ற அறிவிப்பும்) சுவாதீன மீட்பும் (நிலத்தைத் திரும்பக் கையில் பெறுவதும்) கேட்காமல் தடையாணை மட்டும் கேட்ட வழக்கு நிற்காது என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல் விரிவாக விளக்கியிருக்கிறது. வழக்குத் தொடங்கியதும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆவது கட்டளை 9-ஆவது விதியின் கீழ் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கோரலாம். அவர் அளவரோடு நேரில் வந்து அளந்து அறிக்கையும் வரைபடமும் தாக்கல் செய்வார். அந்த அறிக்கையில் பிழை இருந்தால் உரிய நேரத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். சாட்சி விசாரணை முடிந்த பின் புலம்புவதில் பயனில்லை.

சுவரை இடிக்க உத்தரவு கிடைக்குமா என்பது பெரிதும் காலத்தைப் பொறுத்தது. கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும்போதே ஓடிவந்தவருக்கு நீதிமன்றம் காட்டும் பரிவை, கட்டி முடித்துப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் காட்டாது. பாதிப்பு சிறிது, பணத்தால் மதிப்பிடக்கூடியது, சிறு தொகையால் ஈடுசெய்யக்கூடியது, இடிக்கச் சொல்வது எதிர்த்தரப்புக்குக் கொடுமையாக முடியும் என்ற நிலையில் இடிப்பாணைக்குப் பதில் இழப்பீடு தரலாம் என்ற அளவுகோலை இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1895-இல் வகுத்தது. அதை எந்திரம்போலப் பொருத்தக் கூடாது என்று 2014-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. ஒன்றரை அடியில் ஒரு மதில் மட்டும் நின்றால் இடிக்கச் சொல்வது எளிது. அதன் மேல் வீட்டின் சுமை தாங்கும் சுவர் நின்றால் நிலைமை முற்றிலும் வேறு.

என்னைக் கேட்டால், உங்கள் சூழ்நிலையில் வழக்கு கடைசி வழி. முதலில் சுவரின் வெளிமுகங்களிலிருந்து மீண்டும் அளந்து பாருங்கள். குறைவு உண்மை என்று தெரிந்தால், அடுத்தவரிடம் வழக்கறிஞர் அறிவிப்போடு போகாமல், அளந்த வரைபடத்தோடு போங்கள். பெரும்பாலானோர் அறிவிப்பைக் கண்டதும் வழக்கறிஞரிடம் ஓடுகிறார்கள். வரைபடத்தைக் கண்டால் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சுவர் இருக்கும் இடமே எல்லை என்று ஒப்புக்கொண்டு ஈடு பெறலாம். இப்போதைக்கு இருக்கட்டும், மதிலைப் புதுப்பிக்கும்போது சரியான கோட்டில் கட்டுவோம் என்று ஒப்பந்தம் செய்யலாம். இரண்டாவது வழியில், அந்தப் பட்டையைத் தாம் வைத்திருப்பது உங்கள் அனுமதியின் பேரிலேயே என்று அவர் கையெழுத்திட்டால், அந்த நாளுக்குப் பிந்தைய காலத்தைக் காட்டி அவர் எதிரிடை அனுபோகம் கோர முடியாது. எந்த உடன்பாடானாலும் அளவுகளோடு வரைபடம் இணைத்து எழுத வேண்டும். நிலத்தின் உரிமை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறுகிறது என்றால், இந்தியாவில் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அந்த ஆவணத்தைப் பதிவுசெய்வது பாதுகாப்பானது மட்டுமல்ல, பெரும்பாலும் கட்டாயமும்கூட. வீட்டின் மேல் கடன் இருந்தால் கடன் தந்த வங்கியின் சம்மதமும் தேவைப்படும். வழக்கு ஏற்கெனவே தொடங்கியிருந்தால் லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்யலாம். அங்கே கிடைக்கும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடும் கிடையாது.

நீங்கள் நீட்டிக் கட்டப்போவதாகச் சொல்லியிருப்பதால் கடைசியாக ஒன்று. எல்லைக்கோட்டில் சுவரை நிறுத்தும்போது, சுவரின் கனத்தை மட்டும் கணக்கிட்டு அடித்தளத்தை மறந்துவிடுகிறார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்குக் கீழே அடித்தளம் இரண்டடிக்கும் மேல் அகலமாகப் பரவும். கோட்டை ஒட்டிச் சுவர் நின்றால் அதன் ஒரு பகுதி மண்ணுக்கடியில் அடுத்தவர் நிலத்துக்குள் போய்விடும். நில உரிமை மேற்பரப்போடு நிற்பதில்லை என்பதால் அதுவும் ஆக்கிரமிப்புதான். அதுபோலவே, அடுத்தவர் சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்டினால் அதன் தாங்குதல் போய்விடும். இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டம் 3 மீட்டருக்குள், சில நேர்வுகளில் 6 மீட்டருக்குள், அடுத்தவர் அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டுவதற்கு ஒரு மாதம் முன்பே அறிவிப்புத் தரச் சொல்கிறது. உங்கள் இடத்தில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், தோண்டுவதற்கு முன் அவருடைய மதிலின் இப்போதைய நிலையைத் தேதியோடு படமெடுத்து, அதில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை இருவரும் சேர்ந்து குறித்துக் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விரிசல் விட்டது என்று பேச்சு வந்தால், எது பழையது, எது புதியது என்பதற்கு அந்தத் தாள் போதும்.